கதவுக் கயிறு

இந்தக் காலத்து ஆட்களுக்கு நெருப்பும் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. கேக்கில் ஊதி அணைக்க ஒரு நெருப்பு, போனில் படம் பிடிக்க ஒரு நெருப்பு, கடற்கரை ஹோட்டலில் வெள்ளைக்காரன் மீன் தின்னும்போது பக்கத்தில் நின்று சுற்றிக் காட்ட ஒரு நெருப்பு. நெருப்புக்கு முன்னால் பதினைந்து வருஷம் குந்தியிருந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்ற எண்ணம் எவருக்கும் கிடையாது. கேட்டாலும் காதில் வயரை மாட்டிக்கொண்டுதான் கேட்பார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம், மழை விட்டும் விடாமலும் ரப்பர் தோட்டத்து லயத்துக் கூரைத் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தபோது, காளிதாஸ் இப்படித்தான் மனதுக்குள் முனகியபடி மகள் செய்வதைப் பார்த்திருந்தார். ஷாமிளா முன்னறைச் சீமெந்துத் தரையில் உரச் சாக்கு ஒன்றைக் கிழித்து விரித்து, பையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கை நீளத்துக்கு இரண்டு இரும்புச் சங்கிலிகள். விரலில் மாட்டிக்கொள்ளும் தோல் வளையங்கள். சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் தானாகச் சுழன்று கொடுக்கும் சின்ன இரும்பு வளையங்கள். மூடி இறுக்கமான தகர டின்னில் மண்ணெண்ணெய். நனைத்துப் பிழிந்த பருத்தித் துவாய். சோடாப் போத்தலை விடக் கொஞ்சம் பெரிய சிவப்புத் தீயணைப்பான். சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றையும் அவள் விரலால் தடவி, வெடிப்பு இருக்கிறதா என்று வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். அவசரமே இல்லை. தென்பக்கத்து ஹோட்டல் ஒன்றில் மூன்று வருஷமாக இதுதான் அவள் வேலை. கையில் ஒரு தழும்பு கிடையாது.

"அப்பா, இந்தத் திரியக் கொஞ்சம் பிடிங்க. கம்பியச் சுத்தணும்."

சங்கிலியின் முனையில் தொங்கும் உருண்டைத் திரியைப் பிடித்தார்.

திரி சூடாக இருந்தது.

தரையில் கால் வைத்தால் எலும்பு வரைக்கும் குளிர் ஏறும் பின்னேரம் அது. அந்தத் திரி நேற்றுக் காலையிலிருந்து சுவரில் ஆணியில் தொங்கியது. இன்னும் நெருப்பையே காணாதது. ஆனாலும் அடைக்கோழியின் வயிற்றுக்கடியிலிருந்து எடுத்த முட்டை மாதிரி, உள்ளுக்குள் ஏதோ இருந்துகொண்டு சூடாக்குகிற சூடு.

"எங்க வச்சிருந்த இத?"

"ஆணியிலதான். ஏன்?"

"அடுப்புப் பக்கம் கொண்டுபோனியா?"

"திரிய யாராச்சும் அடுப்புப் பக்கம் கொண்டுபோவாங்களா? என்னாப்பா நீங்க."

அவர் கை மாற்றிப் பிடித்தார். கை மாற்றும்போது ஒரு வாசம் வந்தது. மண்ணெண்ணெய் இல்லை. புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாசம். மாட்டுக் கொழுப்பைக் கருக்கினது போல, இனிப்பும் அழுகலும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வாசம். தோட்டத்தின் இந்த டிவிசனில், ரப்பர் பாலை ஷீட்டாக உறையவைத்துப் புகையில் காயப்போடுவதை நிறுத்தி இருபத்தாறு வருஷம். இப்போது வெட்டிய பாலை பவுசர் லொறி வந்து அப்படியே ஏற்றிக்கொண்டு யட்டியாந்தோட்டைப் பக்கம் இறங்கிவிடுகிறது.

திரிக்குள்ளே இருக்கும் கயிற்றைக் கொடுத்தது அவர்தான். திங்கட்கிழமை.

ஹோட்டல் கொடுத்த மஞ்சள் கயிற்றுத் திரி ஓரமெல்லாம் கருகிப் பிரிந்து போயிருந்தது. கொழும்புக்குச் சொல்லி வைத்த புதுக் கயிறு, மண்சரிவில் ரோடு அடைபட்டு எங்கோ கிடந்தது. சனிக்கிழமை அம்மன் திருவிழாவில் இந்த வருஷம் பந்தம் சுற்றுவது ஷாமிளா என்று கோயில் கமிட்டி நோட்டீஸே அடித்துவிட்டது. "வேணாம்னு சொல்லிடுறேன்ப்பா. திரி சரியில்லாம சுத்தக் கூடாது" என்றாள் அவள். அங்கேதான் அவருடைய வாய் சும்மா இருக்கவில்லை.

"பத்துத் தரம் பத்தவச்சா பல்லிளிக்குது, இது ஒரு கயிறு. நம்மகிட்ட இருக்கு புள்ள கயிறு. வருஷம் முழுக்க நெருப்புல கெடந்தாலும் ஒரு நூலு போகாது."

"கல்நாரா? அது நெஞ்சுக்கு ஆகாதுனு சொல்றாங்க."

"பதினஞ்சு வருஷம் அதத்தான் மூச்சா வாங்கினேன். செத்தா போனேன்?"

அவள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, கயிற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, தூசி பறக்காமல் சுற்றி, மேலே பழைய டெனிம் துணியை நாடாவாகக் கிழித்து இறுக்கினாள். பாதியில் நிறுத்தி எதையோ நகத்தால் நெம்பி எடுத்தாள்.

"உள்ளுக்கு மீன் செதிள் மாதிரி ஒண்ணு குத்தி இருக்கு."

"ரப்பர் பால் காஞ்சிருக்கும். வீசு."

வீசினாள். விளக்குமாற்றால் அதை வெளியே தள்ளியது அவர்தான். தள்ளும்போது பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

அது புகையறையின் இரும்புக் கதவைச் சுற்றி, புகை வெளியே போகாமல் இருக்க அடைத்திருந்த கயிறு. அந்தக் கதவுக்குள்தான் அழகமுத்து செத்தான்.

அழகமுத்து அடுத்த வீட்டுக் காம்பரா வெள்ளையம்மாவின் புருஷன். காளிதாசோடு ஒரே புகையறை அடுப்பில் முறை மாற்றி நெருப்புப் போட்டவன். ஒரு நாள் காளிதாஸ் அடுப்புக்கு முன்னால் தூங்கிப்போனார். சூடு ஏறி நூறு ஷீட் கருகிவிட்டது. "காலையில தொரைகிட்ட உள்ளதச் சொல்லிடுவேன் அண்ணே. இல்லாட்டி எம்மேல வரும்" என்றான் அழகமுத்து. அவன் சொன்னால் வேலை போகும். வேலை போனால் காம்பராவும் போகும். காம்பராவில் பெண்சாதி புஷ்பம் எட்டு மாத வயிற்றோடு படுத்திருந்தாள். வயிற்றில் ஷாமிளா. ஷீட்டைத் திருப்பிப் போட அழகமுத்து உள்ளே போனதும் காளிதாஸ் கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டார். பத்து நிமிஷம் புகை குடித்தால் வாய் அடங்கும். அவ்வளவுதான் நினைத்தது.

உள்ளே ஏதோ ஒரு ஷீட் கம்பிலிருந்து நழுவி நெருப்பில் விழுந்திருக்கும். ரப்பர் பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது. முதலில் மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மூன்று தட்டு. தொறங்க அண்ணே. பிறகு தட்டு இல்லை, மண்டையால் இரும்பை மோதுகிற சத்தம். அதுவும் நின்ற பிறகு, கதவோரத்துக் கயிற்றை நகம் பிறாண்டுகிற சத்தம், எலி மாதிரி, வெகுநேரம். அவர் கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. தாழ்ப்பாள் சுட்டது. சுட்டதனால்தான் இழுக்கவில்லை என்று இருபத்தாறு வருஷமாகத் தனக்குச் சொல்லி வைத்திருக்கிறார். சுடுவதற்கு முன்னால் ஏன் இழுக்கவில்லை என்று கேட்க ஆளில்லை.

சூட்டில் கதவு இறுகிவிட்டது என்று பொலிசுக்குச் சொன்னார். பொலிஸ் வருவதற்கு முன்னால், நகம் பதிந்த கயிற்றைக் கதவிலிருந்து உரித்தெடுத்து, கூரைக்கும் வளைமரத்துக்கும் நடுவில் செருகினார். எரிக்க முடியாது, கல்நாருக்கு எரிகிற புத்தி இல்லை. புதைத்தால் காட்டுப்பன்றி கிளறும். ஆற்றில் போடலாம் என்றால், களனி கங்கை ஒன்றையும் வயிற்றில் வைத்துக்கொள்ளாது, வெள்ளம் வரும்போது வாசலுக்கே கொண்டுவந்து போடும். ஆகவே தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு தூங்கினார். திங்கட்கிழமைதான் அந்த யோசனை வந்தது: திரிக்குள்ளே சுற்றிவிட்டால் அது மகளின் பையோடு கடற்கரைக்குப் போய்விடும். நல்ல யோசனையாகத்தான் தோன்றியது.

அன்று அந்தியில், சோற்றுக்கு உட்கார்ந்தபோது, சுவரில் யாரோ தட்டினார்கள்.

மூன்று தட்டு. நிறுத்தி, மூன்று தட்டு.

லயத்தில் சுவர் என்பது பேருக்குத்தான். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் நெஞ்சு வலிக்கும். காளிதாஸ் எட்டிச் சுவரில் குத்தினார். "வெள்ளையம்மா, இந்த நேரத்துல என்னாத்த இடிக்கிற?"

"அத்தை வீட்டுல இல்லப்பா. தங்கச்சியப் பாக்க தெஹியோவிட்டக்குப் போயிட்டாங்க. பூட்டித்தானே கெடக்குது."

"அப்ப யாரு தட்டறது?"

ஷாமிளா கையில் சோற்றோடு காதைக் கொடுத்துக் கேட்டாள். "நீங்கதான் தட்டினீங்க" என்றாள்.

அவள் தூங்கப் போன பிறகு அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். சாமான் எல்லாம் துடைத்து அடுக்கியிருந்தது. சங்கிலிகள் சுருண்டு கிடந்தன, தோல் வளையங்களுக்கு எண்ணெய் போட்டிருந்தாள், திரி இரண்டையும் தூசி படாமல் பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு மூடியிருந்தாள். மழை நின்றிருந்தது. லயத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தமும், எங்கோ ஒரு நாய் தன்னைத்தானே கடிக்கிற சத்தமும் கேட்டன. மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு. கையை எடுப்பதற்குள் மூடிக்கு அடியிலிருந்து, சரியாக அவர் உள்ளங்கையின் நடுவில், தட்டியது.

மூன்று தரம்.

தகரம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். நெருப்பில் வேலை செய்தவனுக்கு அது தெரியாதா. கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்தார். தூக்கம் வந்ததா என்று கேட்டால், வந்தது என்றுதான் சொல்வார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், ஷாமிளா பந்தம் சுற்றிப் பழகினாள். அவளோடு ஹோட்டலில் வேலை செய்யும் நிலுஷா, கீழ் லயத்துப் பெண், ஈரத் துவாயை ஏந்திக்கொண்டு காவலுக்கு நின்றாள். பருத்தி உடுப்புத்தானா, தலைமுடி இறுக்கிக் கட்டியிருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் என்று எல்லாம் பார்த்தார்கள். திரியை எண்ணெயில் முக்கி எடுத்து, பற்றவைக்கும் முன் புல் மேட்டுப் பக்கம் நான்கு சுற்றுச் சுற்றி மீந்த எண்ணெயை உதறினாள்.

உதறியும் சொட்டியது. அரை டின் எண்ணெயை இரண்டு உருண்டைகள் குடித்திருந்தன.

"ஹரி, என்னா இது பசி" என்று நிலுஷா சிங்களம் கலந்து சிரித்தாள். "சோறு போடாம வளத்தியா?"

பற்றவைத்தபோது நெருப்பு மஞ்சளாக எழவில்லை. கருஞ்சிவப்பாக, மெதுவாக, யோசித்து எழுவது போல எழுந்தது. சங்கிலிகள் சுற்றச் சுற்ற ஒரு உறுமல் எழுந்து பெரிதானது, ஊம், ஊம் என்று, அடுப்புக் குழாய் காற்றை உறிஞ்சுகிற உறுமல், அவர் பதினைந்து வருஷம் முதுகில் கேட்ட உறுமல். புகை மேலே போகவில்லை. களத்தின் ஓரமாகப் படுத்து ஊர்ந்து வந்து அவருடைய காலைச் சுற்றியது.

மூன்று நிமிஷத்தில் அணைய வேண்டிய திரி எட்டு நிமிஷம் எரிந்தது. நிலுஷா துவாயைப் போட்டு அமுக்கினாள், துவாய் கருகியது. தீயணைப்பானைத் திறந்தாள். அது முழுக்கத் தீர்ந்த பிறகுதான் மனமில்லாமல் அணைந்தது.

ஷாமிளா மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டு வந்தாள். "கனமா இருக்குப்பா. அந்தப் பக்கத்துல யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி."

"புதுத் திரினா அப்படித்தான்."

அப்போதுதான் தனக்குப் பின்னால் வெள்ளையம்மா நிற்பதைக் கண்டார். தெஹியோவிட்ட பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருக்க வேண்டும், பை தோளில் தொங்கியது. கண் களத்தைப் பார்த்தது. மூக்கு விரிந்திருந்தது.

"என்னா அண்ணே, புகையறை வாசம் அடிக்குது."

"ஒனக்கு எல்லாத்துலயும் அதுதான்."

"எனக்கு அதுதான்" என்று அவள் ஒத்துக்கொண்டாள். பிறகு, வருஷத்துக்கு ஒரு தரம் கேட்பதைக் கேட்டாள். சண்டைக்காகக் கேட்பதில்லை. மணி என்ன என்று கேட்பது போலத்தான் கேட்பாள். "அண்ணே, அந்தக் கதவுக்குத் தாப்பா உள்ளயா, வெளியயா?"

"கதவே இல்லாம போயி இருபத்தாறு வருஷம். இன்னும் தாப்பாவக் கேக்கிற."

மேல் டிவிசன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பந்தத்துக்குத் திரி கொடுத்தவர்தான் அதைப் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்த கைதான் அணைக்கவும் வேண்டும். அதற்கு நடுவில் வேறு கை பட்டால் அம்மன் ஏற்காது. அன்று அந்தி பூசையில் ஐயர் சங்கிலி இரண்டுக்கும் மஞ்சள் கட்டிக் காப்புப் போட்டார். "திரி யாரு குடுத்தது?" என்று கேட்டார். ஷாமிளா அப்பாவைக் காட்டினாள். ஐயர் அவர் மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் நூலைக் கட்டிவிட்டார். வெள்ளையம்மா வேப்பிலைத் தட்டோடு பக்கத்தில் நின்றாள். நூலைப் பார்த்தாள். சங்கிலியைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை, மகள் குளிக்கப் பீலிக்குப் போனதும், காளிதாஸ் பால்வெட்டுக் கத்தியை எடுத்தார். நம்பி எடுக்கவில்லை. நம்ப என்ன இருக்கிறது. திரி பாரமாக இருக்கிறது, பிள்ளைக்குக் கை வலிக்கிறது, அவ்வளவுதான். டின்னைத் திறந்து முதல் திரியை மடியில் வைத்து, டெனிம் துணியைக் கீறினார். உள்ளே கயிறு ஈரமாக இருந்தது. எண்ணெயில்லை. கத்தி பட்ட இடத்தில் கறுப்பாக, பிசுபிசுவென்று கசிந்தது. விரலில் தொட்டு மூக்கில் வைத்தார். வைத்திருக்கக் கூடாது.

கயிறு அவர் மடியில் மெல்ல இறுகியது. பிடியை விடாத கை மாதிரி.

"என்னாப்பா செய்றீங்க?"

ஷாமிளா வாசலில் ஈரத் தலையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால், தண்ணீர் வாளியோடு, வெள்ளையம்மா.

"இந்தத் திரி வேணாம் புள்ள."

"காப்புக் கட்டினதக் கத்தியால வெட்டுறீங்க?"

"வேணாம்னா வேணாம்."

"ஏன்?"

சின்னச் சொல். அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பதில் சொன்னால் போதும், திரியைத் தூக்கி எறிந்துவிடுவாள். அதற்குப் பதில் சொன்னால் அவள் அவரைப் பார்க்கிற பார்வை இன்றோடு முடிந்துபோகும். வாசலில் வாளியோடு நிற்கிறவள் வாளியைக் கீழே வைப்பாள். பிறகு பொலிஸ் வரும், லயம் முழுக்கத் திரண்டு வரும். காளிதாஸ் வாயைத் திறந்தார். நாக்கு இருந்தது, சொல்லும் இருந்தது. வெள்ளையம்மா வாளியை இன்னும் கீழே வைக்கவில்லை, காத்திருந்தாள்.

"சும்மா. தையல் பிரிஞ்சிருக்கானு பாத்தேன்."

ஷாமிளா திரியை அவர் மடியிலிருந்து எடுத்து, கீறிய இடத்தில் மறுபடியும் துணியைச் சுற்றி, கம்பியால் மூன்று முடிச்சுப் போட்டாள். நல்ல முடிச்சு. ஒழுங்காக வேலை கற்றவள்.

ஆறரைக்குச் சாமி களத்துக்கு வந்தது. தவில் சத்தம், சாம்பிராணி, ஈர மண், வறுத்த கடலை, குழந்தைகளின் அழுகை, சுற்றி நூறு போன்களின் வெளிச்சம். மழை மேகம் ரப்பர் மரங்களின் உச்சியில் வந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் ஷாமிளா, கையில் சங்கிலி, முடியை ஈரத்துணியால் இறுக்கிக் கட்டி, அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. நிலுஷா இந்த முறை இரண்டு ஈரச் சாக்கும் கடன் வாங்கிய பெரிய தீயணைப்பானும் வைத்திருந்தாள்.

ஐயர் தீப்பந்தத்தை அவர் கையில் கொடுத்தார்.

இதுதான் கடைசி. இங்கேயும் சொல்லலாம். காளிதாஸ் திரியைப் பார்த்தார். அது வெறும் துணி, கம்பி, கயிறு. கயிறு என்றால் கயிறுதான். நீட்டினார்.

பிடித்துக்கொண்டது.

முதல் சுற்றில் ஜனம் ஆர்ப்பரித்தது. இரண்டு நெருப்பு வட்டங்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால், நடுவில் அவள் முகம் சிவந்து. ஊம். ஊம். பிறகு அந்த வட்டங்கள் கோணலாயின. சங்கிலி வளைந்து போக வேண்டிய இடத்தில் விறைத்து நிமிர்ந்தது. நெருப்பு கீழிருந்து நேராக மேலே ஏறி, மூலையில் திரும்பி, குறுக்கே ஓடி, நேராக இறங்கியது. அவள் சுற்றவில்லை. அவளுடைய கைகளை எதுவோ இழுத்துச் சுற்றியது. உயரம் ஆறடி. அகலம் மூன்றடி. அந்த அளவு அவருக்குத் தெரியும்.

தவில் நின்றது.

ஒரு சங்கிலி அவள் கழுத்தைச் சுற்றியது. மற்றது இடுப்பை. திரி நெஞ்சில் அமர்ந்து, துணியைத் தின்று, தோலைத் தொட்டது. அவள் அலறினாள். நிலுஷா சாக்கோடு பாய்ந்தாள். பாய்ந்தவள் வெற்றிடத்தில் மோதி, மூக்கு உடைந்து, பின்னால் விழுந்தாள். அவள் முகத்தில் இரத்தம். உள்ளங்கை இரண்டும் வெந்து தோல் உரிந்து தொங்கின. "கிட்டப் போக ஏலாது" என்று கத்தினாள். "என்னமோ இருக்கு. இரும்பு. சுடுது." இரண்டு ஆண்கள் ஓடினார்கள். தோளால் இடித்தார்கள். சட்டை பற்றியது. திரும்பி வந்தார்கள்.

ஷாமிளா உள்ளே நின்றாள். திறந்த வெளியில், நாலு பக்கமும் புல், நாலு பக்கமும் ஜனம். எரிகிற கையைத் தூக்கி, எதிரே இருந்த காற்றில் தட்டினாள்.

காற்று இரும்பாக ஒலித்தது.

மூன்று தரம். நிறுத்தி, மூன்று தரம்.

"தொறங்க" என்றாள். குரல் அவளுடையது. பிறகு வேறொரு குரல் அதற்குள்ளே இருந்து. "தொறங்க அண்ணே."

காளிதாஸின் கை தானாக எழுந்திருந்தது. இடுப்பு உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், விரல்கள் எதையோ பற்றியிருந்தன. உருண்டை இரும்பு. நுனி வளைந்தது. இன்னும் சுடவில்லை. வெதுவெதுப்புத்தான். இடது பக்கம் இழுத்தால் வந்துவிடும். கை மறக்கவில்லை.

ஒரு இழுப்பு.

வெள்ளையம்மா அவர் பக்கத்தில் நின்றாள். களத்தைப் பார்க்கவில்லை. நெருப்பைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். அது எதைப் பிடித்திருக்கிறது, எப்படிப் பிடித்திருக்கிறது, எந்தப் பக்கத்தில் நின்று பிடித்திருக்கிறது என்று பார்த்தாள்.

"வெளியதான்" என்றாள் மெதுவாக. "தொறங்க அண்ணே. புள்ள எரியுது."

ஐயர் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் பார்த்தார்கள். நூறு போன்கள் திரும்பின. இழுத்தால் திறக்கும். திறந்தால் கதவு இருந்தது என்றாகும். தாழ்ப்பாள் வெளியே இருந்தது என்றாகும். இழுத்திருக்கலாம் என்றாகும், அன்றைக்கும்.

உள்ளே மண்டை மோதியது. ஒரு தரம். இன்னொரு தரம். பிறகு பிறாண்டல்.

இரும்பு சுடத் தொடங்கியது.

"எதத் தொறக்கச் சொல்ற?" என்றார். தன் குரல் இத்தனை உரத்து வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. "வெறும் வெளி. இங்க எங்க இருக்கு கதவு?"

விரலை விரித்தார். ஒவ்வொன்றாக. கையை உதறினார்.

நடந்தார்.

ஜனம் விலகி வழி விட்டது. ஒருவரும் தொடவில்லை. கோயில் படி, பீலி, லயத்துக்கு ஏறும் கல்படி. உள்ளங்கை எரிந்தது. விரித்துப் பார்க்கவில்லை. பந்தம் பிடித்த கை, சூடு பட்டிருக்கும். மண்ணெண்ணெயில் எவனோ பெற்றோல் கலந்திருப்பான். இந்தக் காலத்தில் எவனை நம்ப முடிகிறது. நெருப்புக்கு மரியாதை கொடுக்கத் தெரியாத கூட்டம்.

மேல் படியில் மூச்சு வாங்க நின்றபோது ஒரே ஒரு தரம் திரும்பினார்.

களம் வெறிச்சோடி ஓரம் ஒதுங்கியிருந்தது. நடுவில் கறுப்பாக ஒன்று நின்றது. நெருப்பு அணைந்துவிட்டது, ஆனாலும் அது விழவில்லை. அங்கே இல்லாத எதன் மேலோ நெற்றியைச் சாய்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பதித்து, நேராக நின்றது. அதற்கு எதிரே வெள்ளையம்மா முழங்காலில் உட்கார்ந்து, காற்றில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மழைக்காலப் புகை. கண்ணை ஏமாற்றும்.

காளிதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு லயத்தை நோக்கி ஏறினார். பின்னால் மூன்று தட்டுக் கேட்டது. அவர் நிற்கவில்லை. கொஞ்சம் விட்டு, மூன்று தட்டு.